ஆட்கள் வேலையை நிறுத்தியபோது: ஒரு பாலத் திட்டத்தின் அனுபவம்

பெரிய பாலத் திட்டம் ஒன்றில் பிரதான ஒப்பந்ததாரர் பக்கம் திட்டமிடல் பொறுப்பில் இருந்தேன். ஒருநாள் காலை கம்பி கட்டும் ஆட்கள் வேலைக்கு இறங்கவில்லை. துணை ஒப்பந்ததாரர் கூலி பாக்கி வைத்திருந்தார். அவரைக் கேட்டால், "எங்க பில்லை முதல்ல பாஸ் பண்ணுங்க சார்" என்றார். அந்த பில்லோ அளவெடுப்புத் தகராறில் கிடந்தது.

ஆட்களோடு உட்கார்ந்து பேசினோம். அவர்கள் கூலி உயர்வு கேட்கவில்லை, செய்த வேலைக்குக் காசு கேட்டார்கள். அதில் பேரம் பேச என்ன இருக்கிறது? மஸ்டர் ரோலை (ஆட்களின் வருகைப் பதிவேட்டை) ஆள்வாரியாகச் சரிபார்த்து, துணை ஒப்பந்ததாரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, பாக்கியை நாங்களே நேரடியாகக் கொடுத்து அவர் பில்லில் பிடித்துக்கொண்டோம். வேலை தொடங்கியது.

அதைவிடக் கடினமாக இருந்தது காலநீட்டிப்பு, அதாவது போன நாட்களுக்கு ஈடாக வேலையை முடிக்கக் கூடுதல் நாட்கள் வாங்குவது. எங்களுடையது ஃபிடிக் 1999 சிவப்புப் புத்தக ஒப்பந்தம்; பன்னாட்டு ஆலோசனைப் பொறியாளர் கூட்டமைப்பான ஃபிடிக் வெளியிட்ட, கட்டுமான வேலைகளுக்கான மாதிரி ஒப்பந்தம் அது. அதன் 19.1 பிரிவு, கட்டுப்பாட்டுக்கு மீறிய நிகழ்வுகளில் வேலைநிறுத்தத்தையும் சேர்க்கிறது. ஆனால் ஒப்பந்ததாரரின் ஆட்களோ துணை ஒப்பந்ததாரரின் ஆட்களோ செய்த வேலைநிறுத்தம் அந்தப் பட்டியலில் வராது. 'ஸ்ட்ரைக்' என்று பொதுவாக எழுதிக் கேட்டுப் பார்க்கலாம் என்றார்கள் சிலர். நான் சம்மதிக்கவில்லை. வேலை கொடுத்தவர் சார்பில் ஒப்பந்தத்தை நிர்வகிக்கும் பொறியாளர் அதைப் பிடித்துவிட்டால், நமக்கு உண்மையாகவே சேரவேண்டிய நாட்களையும் நம்பமாட்டார்.

அப்படிச் சேரவேண்டியவை இருந்தன. தூண்களுக்கான வரைபடங்கள் பொறியாளர் தரப்பிலிருந்து தாமதமாகத்தான் வந்தன. 20.1 பிரிவின்படி 28 நாட்களுக்குள் அறிவிப்புக் கொடுக்காவிட்டால் நேரமும் போகும், பணமும் போகும். அறிவிப்பை உரிய காலத்தில் கொடுத்திருந்தோம்.

எங்களைக் காப்பாற்றியது சைட் டைரி. எந்தத் தூணில் எத்தனை ஆட்கள், எந்த இயந்திரம் சும்மா நின்றது, ஏன் நின்றது என்று மேற்பார்வையாளர்கள் தினமும் எழுதிவைத்திருந்தார்கள். அதை வைத்து, வரைபடத்துக்காகக் காத்திருந்த நாட்களையும் ஆட்கள் இல்லாத நாட்களையும் தனித்தனியாகப் பிரித்தோம். இரண்டு காரணமும் சேர்ந்து விழுந்த நாட்களில்தான் நீண்ட வாக்குவாதம். கடைசியில் அவற்றுக்கு நேரம் மட்டும் தந்தார்கள், பணம் இல்லை. அது நியாயமான முடிவு என்றே நினைக்கிறேன். வரைபடத்தால் மட்டும் போன நாட்களுக்கு இரண்டும் கிடைத்தன. வேலைநிறுத்தத்தால் மட்டும் போனவற்றை எங்கள் செலவில் இரவு ஷிப்ட் போட்டு ஈடுகட்டினோம்.

அடுத்துப் போட்ட துணை ஒப்பந்தங்களில் இரண்டு நிபந்தனைகள் சேர்த்தோம். அளவில் தகராறு இருந்தால் அந்த அளவுக்கான பணத்தை மட்டும் நிறுத்துவது, மீதியை உடனே கொடுப்பது. ஒவ்வொரு பில்லோடும் முந்தைய மாதக் கூலி வாங்கியவர்களின் கையொப்பப் பட்டியலைக் கேட்பது.