விசில் வராத குக்கர்

“இன்னா கண்ணு, இன்னும் ஒரு விசில் கூட வர்ல?”

பதினோரு மணிக்குள் அம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

கரண்டில் மணிக்கணக்காக மெதுவாக வேகவைக்கும், விசிலே இல்லாத ஸ்லோ குக்கரில் அரை கிலோ மாட்டுக்கறியை காலை எட்டரைக்கே ஏற்றியாச்சு. வெங்காயம், பூண்டு, மிளகு, காய்ந்த மிளகாய், அரை டம்ளர் தண்ணீர். மூடியை மட்டும் திறக்கக் கூடாது, சேர்ந்த சூடெல்லாம் போய்விடும். அம்மா கண்ணாடி மூடி மேல் குனிந்து, உள்ளே நீர் முத்து முத்தாக வழிவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலூர் வெயிலில் அடுப்படியில் நிற்க வேண்டாம் என்பதே எனக்குப் பெரிய லாபம். நடுவில் பத்து நிமிடம் கரண்ட் போனபோதுதான் வயிற்றில் புளி கரைத்தது.

மூன்றரைக்குத் திறந்தேன். கரண்டிக் காம்பால் அழுத்தினாலே கறி நார் நாராகப் பிரிந்தது. கறியில் இருக்கும் ஜவ்வு இந்த மெதுவான சூட்டில் கரைந்து ஜெலட்டின் ஆகிவிடும். சாறு உதட்டில் ஒட்டுவது அதனால்தான்.

சீஸ் கடைசியில்தான். முதலிலேயே போட்டால் எண்ணெய் தனி, திப்பி தனி. போன தடவை பட்டிருக்கிறேன்.

இதில் தோய்த்துச் சாப்பிட சிப்ஸ் இல்லை, பரோட்டாதான். அம்மா ஒரு துண்டைத் தோய்த்து எடுத்தாள். கிண்ணத்திலிருந்து அவள் தாடை வரைக்கும் சீஸ் நூலாக நீண்டது, அறுபடவே இல்லை.

“உங்க பாட்டி உமியடுப்புல ராத்திரி கறிய வெச்சிட்டுப் போய் படுத்துக்கும். காலைல இதே பதம்தான். இந்த நூலுதான் இல்ல.”

சொல்லிக்கொண்டே கிண்ணத்தை வழித்தாள்.