தாறன், குடுத்து விடுங்கோ

தை மாதத்தில் ஒரு மாலை, அடுத்த வளவு மாமி அவித்த பனங்கிழங்கை ஆவி பறக்க வேலிக்கு மேலால் நீட்டி, "தம்பி, உங்களுக்குக் கொஞ்சம் தாறன், மிச்சத்தைக் கடைசி வீட்டு அக்காவுக்குக் குடுத்து விடுங்கோ" என்றார். அந்த ஒரே வாக்கியத்தில் இரண்டு வினைச்சொற்களும் தத்தம் இடத்தில் பிசகாமல் நின்றதைக் கேட்டு நான் நெகிழ்ந்துபோனேன்.

தருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியது, கொடுத்தல் படர்க்கைக்கு உரியது என்று தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் வகுத்திருக்கிறது. தமிழகப் பேச்சில் "எனக்குக் குடு" என்பது இயல்பாகிவிட்ட இன்றும், யாழ்ப்பாணத்தில் "எனக்குத் தா" என்றே கேட்கிறோம். இரப்பவர் இழிந்தவராயின் 'ஈ', ஒப்பானவராயின் 'தா', உயர்ந்தவராயின் 'கொடு' என்று கேட்பார்கள் எனவும் அதே நூல் கூறுகிறது. இந்தப் படிநிலை எங்கள் பேச்சில் மறைந்துவிட்டது. மறைந்தது நல்லதே என்பது என் எண்ணம்.

அரபு மூலத்திலிருந்து வந்த 'இனாம்' என்ற சொல்லை வேலிக்கு மேலால் நீளும் பண்டத்துக்கு எவரும் சொல்வதில்லை. "எவ்வளவு?" என்று கேட்டால் மாமியின் முகம் வாடிவிடும்; "சும்மா கொண்டு போங்கோ" என்பதே அவர் விடை.

ஏனத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று அம்மா சொல்வார். மறுநாள் கழுவித் துடைத்த அந்தக் கிண்ணத்தில் ஐந்தாறு தேசிக்காய்களை வைத்துக்கொண்டு வேலியடிக்குப் போனேன்.