சுத்தி வெச்சா எல்லாம் காயில் ஆயிடுமா?

நம்ம சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்து வீட்டுல கலிமந்தாங் லைட்டை, அதான் டியூப் லைட்டை, கழட்டுனா உள்ள கனமா ஒரு சோக் இருக்கும்லா, ஒயரைச் சுத்திச் சுத்தி செஞ்ச காயில், அதுதான் இண்டக்டர். கையில தூக்கலாம், கடையில காசு குடுத்து வாங்கலாம். இண்டக்டன்ஸ் அப்படி இல்ல, அது ஒரு குணம், கரண்ட் ஏறுனாலும் இறங்குனாலும் அதுக்கு எதிரா வோல்டேஜைக் கிளப்புற குணம், ஹென்றில அளப்பாங்க. ஸ்டார்ட்டர் டக்குன்னு திறந்ததும் சோக் பல நூறு வோல்ட்டைக் கிளப்பி டியூபைப் பத்த வைக்குதே, அது இந்தக் குணம்தான். எடையும் எடைக்கல்லும் மாதிரி வெச்சுக்குங்க, எடை எல்லாத்துக்கும் இருக்கு, எடைக்கல்லு மட்டும் அதுக்குன்னே செஞ்சது.

போலிடெக்னிக்ல படிக்கிற அக்கா மகன் "நேரா போற ஒயர்ல சுத்தே இல்லையே மாமா, அதுல ஏது இண்டக்டன்ஸ்?"ன்னான். இருக்குடா, 10 சென்டிமீட்டர் ஒயருக்கு சுமாரா 100 நானோஹென்றி. வீட்டு 50 ஹெர்ட்ஸுக்கு அது ஒரு கணக்கே இல்ல, ஆனா போன் சார்ஜர் மாதிரி படபடன்னு சுவிட்ச் ஆகுற சர்க்கியூட்ல 1 ஆம்பியர் 10 நானோசெகண்டுல நின்னுச்சுன்னா அந்தத் துண்டு ஒயர்லயே 10 வோல்ட் கிளம்பிடும். அதான் போர்டுல லைனைக் குட்டையா போடுறாங்க. வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர், கெபாசிட்டர் கால் எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கு, சர்க்கியூட் படத்துல யாரும் அதை வரையறதில்ல. அதே மாதிரி சோக்குல வெறும் இண்டக்டன்ஸ் மட்டும்னும் இல்ல, மீட்டர் வெச்சா ஓம்ஸும் காட்டும், தொட்டா சூடும் தெரியும்.

இதுல எனக்குக் கடுப்பு ஏத்துறது கோயில் திருவிழா ரீல் ஒயர்தான். சுத்துனபடியே வெச்சு பந்தல் லைட்டு, ஸ்பீக்கர், தண்ணி காயவைக்கிற கெட்டில் வரைக்கும் மாட்டிடுவாங்க, ரீல் கொதிக்கும், உடனே ஒரு அண்ணன் "சுத்தி வெச்சா காயில் ஆயிடும்லா, அதான் சூடு"ம்பாரு. இல்லண்ணே. லைவும் நியூட்ரலும் ஒரே ஒயருக்குள்ள ஓடுது, ஒன்னுல போற கரண்ட் இன்னொன்னுல திரும்புது, ரெண்டோட காந்தப்புலமும் ஒன்னையொன்னு அழிச்சிடும், சுத்துனதால கூடுற இண்டக்டன்ஸ் கிட்டத்தட்ட ஒன்னுமில்ல. பார்க்க அச்சு அசல் காயில், வேலையில காயில் இல்ல. சூடு செம்போட ரெசிஸ்டன்ஸால வருது, அடுக்கடுக்கா கிடக்குறதால வெளிய போக வழியில்லாம உள்ளயே ஏறுது, பிளாஸ்டிக் இளகி ஒட்டிக்கிற வரைக்கும் போகும். முழுசா அவுத்து விடுங்கன்னா பிள்ளைங்க காலு தட்டும்ங்கிறாங்க. பந்தக்கால் ஓரமா இழுத்துக் கட்டுங்க, கெட்டிலுக்கு வேற பிளக் பாருங்க.