காலைக் குளிரில் ஒரு தரம் பவர் பட்டனை அமுக்கிப் பாருங்கள்

அக்கா மகளுக்குக் கொழும்பில் கேம்பஸ் கிடைத்திருக்கிறது. த்ரீடி படிக்கிற பிள்ளை, ரெண்டரிங் (வரைந்ததைக் கணக்குப் போட்டுப் படமாக்குவது) போட்டால் மணிக்கணக்கில் சிபியூ முழு வேகத்தில் ஓடும். "மாமா, நல்ல மெஷினாப் பூட்டித் தாங்க" என்று கேட்டாள். கையில் இருந்த காசுக்குப் பாவித்த மதர்போர்டுதான் வாங்க முடிந்தது: ஏஎம்டி பி450 சிப்செட், மைக்ரோ ஏடிஎக்ஸ் என்கிற சின்ன அளவு, நான்கு ரேம் ஸ்லொட். அதில் ரைசன் 5 5600 சிபியூ. ஹட்டனில் என் வீட்டு மேசையில் பத்து நாள் வைத்து அந்தப் போர்டைச் சோதித்தேன். மலையில் ஓட்டிப் பார்த்து நல்லது என்று முடிவு செய்த போர்டு கொழும்பில் எப்படி இருக்கும், குளிரில் எப்படி எழும்பும் என்பதுதான் என் கவலையாக இருந்தது.

பெட்டியில் பூட்டுவதற்கு முன் வெறும் போர்டை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிடுங்கள். சிபியூவுக்குக் கரண்ட் போகிற எட்டு முள் சொக்கட் இடது மேல் மூலையில் இருக்கிறது, சரியான இடம்தான், ஆனால் மலிவான பவர் சப்ளை என்றால் வயர் பின்பக்கமாகச் சுற்றி அதுவரை எட்டாது, அளந்து பாருங்கள். டிஸ்க் வயர் செருகுகிற நான்கு சாட்டா போர்ட்டில் இரண்டு மேலே பார்த்து நிற்கின்றன, தடித்த கிராஃபிக்ஸ் கார்டு போட்டதும் அவை இரண்டும் அதற்கு அடியில் போய்விடும். 244 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் எல்லாவற்றையும் அடைக்கும்போது எங்கேயோ இடம் நெருங்கத்தான் செய்யும், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

எனக்குக் கோபம் வந்தது சீமொஸ் கிளியர் பண்ணுகிற, அதாவது போர்டு சேமித்து வைத்த செட்டிங்கை அழிக்கிற, இரண்டு முள்ளை வைத்திருக்கிற இடத்தைப் பார்த்துத்தான். ரேம் வேகத்தைக் கூட்டிப் பார்க்கும்போது போர்டு சில நேரம் எழும்பாது, திரை கறுப்பாகவே கிடக்கும், அப்போது பவர் வயரைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு முள்ளையும் ஸ்குரூ டிரைவர் நுனியால் தொட வைத்தால்தான் பழைய நிலைக்கு வரும். இந்தப் போர்டில் அது கிராஃபிக்ஸ் கார்டுக்கு நேர் கீழே. 5600க்குள் கிராஃபிக்ஸ் கிடையாது, அதனால் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. கார்டைக் கழற்ற வேண்டும், தொட வேண்டும், திரும்பப் பூட்ட வேண்டும். கார்டைப் பிடித்திருக்கிற கொக்கியோ சிபியூ கூலருக்கும் கார்டுக்கும் நடுவில் விரல் நுழையாத இடத்தில், அகப்பைக் காம்பால் அமுக்கித்தான் விடுவித்தேன். ஒரே சாயங்காலத்தில் ஆறு தரம். இதையெல்லாம் எந்த விவரப் பட்டியலிலும் போட மாட்டார்கள், போர்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் மட்டும் தெரியும்.

போர்டை எழுப்புகிற உள் மென்பொருளான பயாஸ் பற்றி ஒரு சொல். பி450 வந்தது 2018ல், ரைசன் 5000 வரிசை வந்தது 2020 கடைசியில். பழைய பயாஸ் இருந்தால் போர்டுக்கு இந்தச் சிபியூவைத் தெரியாது. விற்கிறவரிடமே அப்டேட் பண்ணித் தரச் சொல்லுங்கள். நீங்களே பண்ணுவதாக இருந்தால் யூபிஎஸ் இல்லாமல் கை வைக்க வேண்டாம், நம்ம பக்கம் பின்னேர மழையும் இடியும் வந்தால் கரண்ட் எப்படி வந்து வந்து போகும் என்று தெரியும்தானே.

சரி, ஸ்திரத்தன்மைக்கு வருவோம். ரேம் இரண்டு எட்டு ஜிபி, எக்ஸ்எம்பி (ரேமிலேயே எழுதி வைத்திருக்கிற வேக செட்டிங்) போட்டு 3200 வேகத்தில். ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86 இரவு முழுக்க ஓடியது, நான்கு சுற்றிலும் ஒரு பிழை இல்லை. சந்தோஷமாக அணைத்துவிட்டுப் படுத்தேன். விடியற்காலை அறை 13 டிகிரியில் இருந்தது, பட்டனை அமுக்கினால் விசிறி சுற்றி நிற்கிறது, சுற்றி நிற்கிறது, மூன்றாவது தரம் எழும்பியபோது ரேம் 2400க்கு இறங்கியிருந்தது. மத்தியானம் திரும்பப் போட்டேன், 3200ல் ஒரே தரத்தில் எழும்பியது. அடுத்த நாள் காலையும் அதே கதை. போர்டு எழும்பும்போது ரேமோடு நேரக்கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளும், மெமரி ட்ரெய்னிங் என்பார்கள். இந்தப் போர்டுக்கு அந்தக் கணக்கு 3200ல் மயிரிழையில்தான் நின்றது, குளிர் வந்ததும் தவறிவிட்டது. சூடாக ஓடிக்கொண்டிருக்கும் போர்டில் எத்தனை மணி நேரம் சோதனை போட்டாலும் இது அகப்படாது. 3000க்கு இறக்கினேன், அதற்குப் பிறகு ஐந்து காலை தொடர்ந்து ஒரே அமுக்கில் எழும்பியது. ரெண்டரிங்கில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை.

அப்புறம் வெப்பம். சிபியூவுக்கு வோல்டேஜைப் பிரித்துக் கொடுக்கிற விஆர்எம் பகுதியில் இந்தப் போர்டில் ஒரு பக்கம்தான் சூட்டை இறக்குகிற ஹீட்சிங்க் இருக்கிறது, மேல்பக்கத்துச் சில்லுகள் (மொஸ்ஃபெட்) வெறுமனே நிற்கின்றன. இரவில் அறை 17 டிகிரி, சிபியூவை முழு வேகத்தில் வேலை வாங்குகிற பிரைம்95ஐ அரை மணி நேரம் ஓட்டினேன், விஆர்எம் 66. பார்த்தால் அருமையான எண். ஆனால் நாம் பார்க்க வேண்டியது அறையை விட எவ்வளவு ஏறியது என்பது: 49 டிகிரி. கொழும்பில் பிள்ளை இருக்கப் போகிற போர்டிங் அறை மத்தியானம் 32ஆவது இருக்கும், அப்போது 81க்குக் குறையாது. கணக்கை மட்டும் நம்ப எனக்கு மனசு வரவில்லை. பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து மூடி, முன் விசிறிக்குப் பக்கத்தில் ஒரு தெர்மோமீட்டரை வைத்து, உள்காற்று 32க்கு வந்ததும் பெட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கி அங்கேயே பிடித்து வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினேன். 84ல் போய் நின்றது, சிபியூ வேகம் இறங்கவில்லை. 65 வாட் சிபியூ என்பதால் தாங்குகிறது, 105 வாட்டை இதில் போட நான் சம்மதிக்க மாட்டேன்.

போன ஞாயிறு வந்து எடுத்துக்கொண்டு போனாள். பழைய கேசிங் ஒன்றிலிருந்து ரீசெட் பட்டனை வயரோடு கழற்றி அந்தச் சீமொஸ் முள்ளில் செருகி, கார்டுக்கு அடியால் மடித்துப் பின்பக்கமாக வெளியே விட்டிருக்கிறேன். திரை கறுப்பாகவே கிடந்தால் பவர் வயரைக் கழற்றிவிட்டு இதைப் பத்து விநாடி அமுக்கு, எழும்பியதும் ரேமை 3000ல் வை என்று செய்து காட்டினேன். அதையே ஒரு பிளாஸ்டரில் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டியும் விட்டேன்.