ஜனவரில லே போனா எப்படி இருக்கும்

லடாக்னாலே எல்லாரும் ஜூன்ல இருந்து செப்டம்பருக்குள்ள தான் போவாங்க, நான் அங்க இருக்கற லே ஊருக்கு ஜனவரில போனேன், இன்னொரு தடவை போறதா இருந்தாலும் ஜனவரி தான். மணாலி ரோடு பனியில மூடிடும், ஃப்ளைட் தான் வழி, ஆனா டெல்லில இருந்து ஒன்றரை மணி நேரத்துல 3,250 மீட்டருக்கும் மேல உயரத்துல போய் இறங்கறதால உடம்பு பழகவே டைம் கிடைக்காது. ஆக்சிஜன் சதவீதம் அதேதான், காத்தழுத்தம் கம்மி, அதனால ஒவ்வொரு மூச்சுலயும் உள்ள போற ஆக்சிஜன் குறையுது. முதல் ரெண்டு நாள் ரூமை விட்டு அலையாம ரெஸ்ட் எடுங்க ப்ளீஸ், தலைவலி வாந்தி அதிகமானா அதுக்கு மேல ஏறவே கூடாது.

ராத்திரி மைனஸ் 15க்கும் கீழ போகும், பைப்ல தண்ணி உறைஞ்சிடும்னு நிறைய ஹோட்டல் மூடிடுவாங்க, திறந்திருக்கற இடத்துல பக்கெட்ல சுடுதண்ணி கொண்டு வந்து தருவாங்க. ஆனா ரூமை சூடாக்கற புகாரி அடுப்பு பக்கத்துல, நான் தங்கின வீட்டுக்காரங்களோட உக்காந்து உப்பு போட்ட வெண்ணெய் டீ குடிச்சிக்கிட்டே மணிக்கணக்கா பேசினது இருக்கே, சீசன் கூட்டத்துல அவங்களுக்கு அதுக்கெல்லாம் நேரமே இருக்காது. 17ஆம் நூற்றாண்டுல கட்டின ஒன்பது மாடி லே அரண்மனைக்கு ஏறினப்போ அங்க வேற ஆளே இல்ல, எதிர்ல ஸ்தோக் மலை முழுக்க வெள்ளையா தெரிஞ்சுது.

அப்புறம் கேமரா பேட்டரிய ஜாக்கெட்டுக்கு உள்ள வச்சுக்கோங்க, குளிர்ல சீக்கிரம் இறங்கிடும்.