வாளோட முதுகை அளந்து பாருங்க

ஓசூர்ல ஒரு டூல் ரூம்ல 9 வருஷம் கிரைண்டிங் மெஷின் ஓட்டினவன் நான். அப்புறம் கிருஷ்ணகிரில மாமாவோட பழைய சாமான் கடைக்கு வந்து 6 வருஷம் ஆகுது. பித்தளை அண்டா, ஊஞ்சல் சங்கிலி, தேக்கு தூணுன்னு என்னென்னமோ வரும் போகும், ஆனா ஜனங்க பெரிய காசு குடுத்து ஏமாந்து நிக்கறது வாள்லதான், அதனாலதான் இதை எழுதறேன்.

2023 மே மாசம் திப்பு சுல்தானோட படுக்கையறை வாள் லண்டன் ஏலத்துல 1.4 கோடி பவுண்டுக்கு போச்சு. அந்த நியூஸ் வந்ததுல இருந்து வாரத்துக்கு ஒருத்தராவது ஃபோன் பண்ணி "எங்க வீட்டுல திப்பு வாள் இருக்கு"ங்கறாங்க. நம்ம பக்கம் அந்த கதை சுலபமா ஒட்டிக்கும், ஏன்னா 1792 வரைக்கும் பாராமகால்னு சொல்ற இந்த கிருஷ்ணகிரிப் பக்கம் மைசூர் ராஜ்ஜியத்துலதான் இருந்துச்சு, ராயக்கோட்டை மேல ஏறிப் பார்த்தவங்களுக்கு சண்டை நடந்த ஊர்னு சொல்லவே வேண்டாம். விக்கறவனுக்கும் இது நல்லாவே தெரியும்.

நானும் அப்படித்தான் மாட்டினேன். வந்த முதல் வருஷம், மாமா ஊர்ல இல்ல, வெளியூர் வியாபாரி ஒருத்தர் ஒரு வாள் கொண்டு வந்தார். துரு புடிச்சு, பாரசீக எழுத்து மாதிரி ஏதோ கீறி, புலிக்கோடு எல்லாம் போட்டு இருந்துச்சு. 42,000 ரூபா குடுத்து வாங்கிட்டேன். ராத்திரி கடைய சாத்திட்டு டார்ச்சை சாய்ச்சு அடிச்சு பார்க்கறேன், துருவுக்கு அடியில நேர் நேரா ஒரே சீரா மெல்லிசா கோடு. 9 வருஷம் தினமும் பார்த்த கோடுங்க அது, பெல்ட் கிரைண்டர் போட்ட கோடு. வயித்தை என்னமோ பண்ணிச்சு. தடிமன் அளக்கற வெர்னியரை எடுத்து வாளோட முதுகை, அதாவது கூர் இல்லாத பக்கத்தை, மூணு இடத்துல அளந்தேன். பிடிகிட்ட 4 மில்லி, நடுவுல 4, முனைகிட்ட 3.9. கடையில விக்கற இரும்புப் பட்டையை அப்படியே வெட்டி வாளாக்கி இருக்காங்க.

கொல்லன் அடிச்ச வாள் அப்படி இருக்கவே இருக்காது. பிடிகிட்ட தடிமனா ஆரம்பிச்சு போகப் போக மெலிஞ்சுக்கிட்டே போகும், முனை கனத்தா மணிக்கட்டு திரும்பாது, குதிரை மேல உக்காந்து வீசறவன் கை ரெண்டு வீச்சுலயே ஓஞ்சு போயிடும். அன்னையில இருந்து எந்த வாள் வந்தாலும் கதையைக் கேக்கறதுக்கு முன்னாடி நான் வெர்னியரைத்தான் எடுக்கறேன்.

அடுத்தது பிடி. நம்ம நாட்டு தல்வார்ங்கற வளைஞ்ச வாள்ல இரும்புப் பிடி, மேல தட்டு மாதிரி வட்டம் இருக்கும். வாளோட வால் பகுதி குட்டையா இருக்கும், அதை பிடிக்குள்ள சொருகி உருக்கின அரக்கை ஊத்தி இறுக்கி இருப்பாங்க. பழசாகி காஞ்சு கறுத்த அரக்கு, சில சமயம் பிடி லேசா ஆடும், அது குறை இல்ல. வட்டத்து மேல நட்டு போல்ட்டோ, வெல்டிங் உருண்டையோ, பளபளன்னு எபாக்சியோ தெரிஞ்சா கீழ வச்சிடுங்க. அப்புறம் பழைய பிடி சின்னதா இருக்கும், நம்ம கை இறுக்கமாத்தான் நுழையும். சௌகரியமா உக்காந்துச்சுன்னா எனக்கு சந்தேகம்தான் வரும். பிடில தங்க வேலை இருந்தா தேஞ்ச இடத்தை லென்ஸ் வச்சு பாருங்க, நிஜ வேலைன்னா தங்கம் ஒட்டறதுக்காக இரும்புல குறுக்கும் நெடுக்குமா பொடிப்பொடியா கீறி வச்சது தெரியும், பெயின்ட்டுன்னா வெறும் இரும்புதான் தெரியும்.

உருக்கு வாள், அதாவது வூட்ஸ்னு சொல்ற, மேல அலை மாதிரி நெளிவு ஓடற வாள் விஷயத்துலதான் மனசு ரொம்ப வலிக்கும். நம்ம மயிலாடும்பாறையில 4,200 வருஷத்து இரும்பு கிடைச்சிருக்கு, சேலம் பக்கத்து உருக்கு உலகம் பூரா பேர் போனது, அப்படிப்பட்ட மண்ணுல நின்னுக்கிட்டே ஆசிட்ல வரைஞ்சதை உருக்குன்னு விக்கறாங்க. மூசைங்கற மண் கிண்ணத்துல இரும்பையும் கரியையும் வச்சு மூடி உருக்கி, மெதுவா ஆற விட்டு, அப்புறம் பக்குவமான சூட்டுல அடிச்சு இழுக்கறப்ப வர்ற நெளிவு அது, உள்ள வரைக்கும் இருக்கும். ஓரமா துளி இடத்தை தேய்ச்சா ஆசிட் வரைஞ்சது போயே போயிடும், நிஜ உருக்குல நெளிவைக் காட்டற மருந்தை மறுபடி வச்சா நெளிவு திரும்ப வரும். ஆனா இந்த சோதனையை தெரிஞ்ச ஆள்தான் செய்யணும். இன்னொரு வகை, ரெண்டு இரும்பை மடிச்சு மடிச்சு அடிச்சது, முதுகை பார்த்தா பரோட்டா மாதிரி அடுக்கு தெரியும். அது திறமையான வேலைதான், ஆனா உருக்கு கிடையாது.

துருவையும் சொல்லிடறேன். பழைய துரு கறுப்பும் பழுப்புமா, கெட்டியா, இடத்துக்கு இடம் வேற மாதிரி இருக்கும். ஆரஞ்சு கலர்ல வாள் முழுக்க ஒரே சீரா இருந்து, தொட்டா விரல்ல ஒட்டுதுன்னா, உப்பு தண்ணியோ ஆசிட்டோ போட்டு வர வச்சதுன்னு எடுத்துக்கலாம்.

வாளோட கூர் விளிம்புல சின்னச் சின்ன பல்லு விழுந்திருந்தா வாங்க வர்றவங்க முகம் சுளிக்கறாங்க. தகடூர், அதாவது இன்னைக்கு தர்மபுரி, அதியமானுக்காக தூது போன ஔவையார் தொண்டைமான்கிட்ட சொன்னதே இதைத்தானே, உன் ஆயுதம் மாலை போட்டு நெய் பூசி பளபளன்னு இருக்கு, எங்க அதியமானோடது நுனி மழுங்கி கொல்லன் கொட்டகையில கிடக்குன்னு. இந்த ஊர்க்காரங்களே பல்லு விழுந்ததை ஒதுக்கினா எப்படி?

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க. பழைய வாளுக்கு புதுப் பிடி போடறது அந்தக் காலத்துலயே நடந்ததுதான், ஐரோப்பாவுல இருந்து வந்த அலகுக்கு இங்க பிடி போட்டும் இருக்காங்க, அதனால ஒண்ணு சேரலைன்னு உடனே போலின்னு தள்ளிடக் கூடாது. அதே மாதிரி, 100 வருஷம் தாண்டினதுன்னா 1972 சட்டப்படி அது தொல்பொருள், விக்கற வியாபாரம் பண்ண லைசென்ஸ் வேணும், தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஒருத்தன் "300 வருஷம் பழசு, துபாய்க்கு நானே கூரியர் போட்டுத் தர்றேன்"னா, ஒண்ணு பொருள் பொய், இல்ல அவன் சட்டத்தை மீறறான்.

போன வருஷம் காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு தாத்தா வேட்டித் துணியில சுத்தி ரெண்டு வாள் கொண்டு வந்தார். ஒண்ணு பித்தளையில சிங்கத்தலை, செவப்பு வெல்வெட் உறை. அதைத்தான் பத்திரமா நெஞ்சோட அணைச்சு புடிச்சிருந்தார். "தாத்தா, இது டூர் போற இடத்துல விக்கறது"ன்னு சொல்றப்ப எனக்கே கஷ்டமா இருந்துச்சு. இன்னொண்ணு பரண்ல கிடந்ததாம், கன்னங்கரேல்னு. முதுகை அளந்தேன், 7 மில்லி, 5, முனைகிட்ட இரண்டரை. பிடி வாய்ல காஞ்சு போன அரக்கு. பிடிக்கு மேல ரெண்டு விரல் அளவுக்கு கூர் வைக்காம விட்டிருந்தாங்க. நான் ஒண்ணும் பேசாம மாமாகிட்ட நீட்டினேன், அவரும் ரொம்ப நேரம் திருப்பித் திருப்பி பார்த்தார்.

"நிஜந்தாங்க ஐயா"ன்னார்.

தாத்தா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, "அப்ப இதைக் குடுக்கறதா இல்லப்பா"ன்னு திரும்ப துணியில சுத்த ஆரம்பிச்சார். எலுமிச்சம்பழம் போட்டு தேய்க்கலாமான்னு கேட்டார். வேண்டவே வேண்டாம், எமரி ஷீட்டும் கூடாது, வருஷத்துக்கு ரெண்டு தடவை மெஷின் ஆயிலை துணியில தொட்டு தடவினா போதும்னேன்.

"ஆயுத பூஜைக்கு பொட்டு வைக்கலாம்ல தம்பி?"

"வைங்க தாத்தா. பிடில மட்டும் வைங்க."