வெயிலில் உழைக்கிறவர்களுக்கு ஒளி சிகிச்சை

ஒளியால் புற்றுநோயை அழிக்கும் சிகிச்சை பற்றி மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துப் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் சுற்றும் காணொலிகள் எல்லாம் லேசரைத்தான் காட்டுகின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் எத்தனை நாள் வெயிலில் தலைகாட்டாமல் இருக்க வேண்டும்? இந்தச் சிகிச்சையில் ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்தை முதலில் உடலில் ஏற்றுவார்கள். 1993-இல் கனடாவில் அனுமதி பெற்ற அப்படிப்பட்ட போட்டோஃப்ரின் மருந்தை ஏற்றிக்கொண்டவர்கள் குறைந்தது 30 நாள் வெயிலையும், வீட்டுக்குள் கண்கூசும் விளக்கையும்கூடத் தவிர்க்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்து கொப்பளித்துவிடும். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்குப் போய், உச்சிவெயில் வரை செம்பனைக் குலை அறுக்கிறவரிடம் இதைச் சொன்னால், அந்த மாதச் சம்பளத்துக்கு அவர் எங்கே போவார்?

இந்தத் தொல்லை எங்கிருந்து வருகிறது? மருந்து மட்டும் இருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது, சிவப்பு ஒளி மட்டும் பட்டாலும் ஆகாது. மருந்து ஊறிய திசுவில் அதற்கேற்ற ஒளி விழுந்தால் அங்குள்ள ஆக்சிஜன் வீரியமேறி, பக்கத்தில் இருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் சிதைத்துவிடும். அந்த வீரியம் மைக்ரோ விநாடிக் கணக்கில்தான் நிற்கும், ஒரு செல்லின் அகலத்தைக்கூடத் தாண்டாது. மியூனிக்கில் ஆஸ்கர் ராப் என்ற மாணவர், அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பாரமீசியங்கள் என்ற ஒற்றைச்செல் உயிரிகள் வெளிச்சத்தில் சீக்கிரம் சாவதைக் கவனித்து 1900-இல் எழுதியதில் தொடங்கிய கதை இது. ஆக, மருந்து எங்கே தங்குகிறதோ அங்கேதான் அடி விழும். கட்டியில் தங்கினால் கட்டிக்கு, தோலில் தங்கினால் தோலுக்கு.

மருந்தைச் சுமந்து போகும் மிக நுண்ணிய துகள்களான நானோ கடத்திகள் மேல் எனக்கு ஆசை இருப்பது அதனால்தான். இந்த மருந்துகள் பல தண்ணீரில் சரியாகக் கரையாது, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும், திரண்டால் ஒளி பட்டும் சுணங்கிக் கிடக்கும். அவற்றை 100 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புப் பைக்குள், அதாவது லிப்போசோமுக்குள் வைத்து அனுப்பினால் திரளாமல் போய்ச் சேரும். கட்டியின் இரத்தக்குழாய்கள் அவசரத்தில் எழுப்பிய சுவர்போல இடைவெளி விட்டு இருப்பதால் பெரிய மூலக்கூறுகள் அங்கே கசிந்து தேங்கும் என்று 1986-இல் ஜப்பானில் மாட்சுமுராவும் மயேதாவும் எழுதினார்கள். 2000-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற விசுடைன் இப்படி லிப்போசோமில் வரும் மருந்துதான், ஆனால் விழித்திரை நோய்க்கு. அதற்கு 5 நாள் வெயிலைத் தவிர்த்தால் போதும் என்கிறார்கள். வித்தியாசம் முழுக்கப் பையால் வந்தது என்று சொல்லிவிட முடியாது, அந்த மருந்தே உடலை விட்டு வேகமாக வெளியேறுகிற சாதி.

சரி, தோட்டத்துக்கும் இதற்கும் என்ன? வாய்தான். மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் இந்தியர்களிடம் அதிகம், அதிலும் வெற்றிலை போடும் பெண்களிடம். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் அறிவித்துவிட்டது. காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, மடித்து, எப்போதும் அதே பக்கக் கன்னத்தில் அடக்கிக்கொள்வார் என் பெரியம்மா; தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு அதே இடத்தில்தான் வந்தது. சிவப்பு ஒளி திசுவுக்குள் சில மில்லிமீட்டர்தான் இறங்கும். ஈரல், கணையத்துக்கு அது பெரிய தடை, கன்னத்தின் உட்புறத்துக்கு அது போதும். தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்கு ஃபோஸ்கான் என்ற ஒளி சிகிச்சை மருந்து 2001-லேயே ஐரோப்பாவில் அனுமதி பெற்றது. அதே மருந்தை லிப்போசோமில் ஏற்றிப் பார்க்கும் ஆய்வுகளும் நடந்திருக்கின்றன.

ஆனால் ஒன்று. 2016-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, விலங்குச் சோதனைகளில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியை அடைந்தது நடுமதிப்பாக 0.7 சதவீதம்தான் என்று கணக்குச் சொன்னது. மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. இன்னும் ஆழமாக இறங்கும் அகச்சிவப்பு ஒளியை உடலுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றித் தரும் துகள்களை 2012-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் செய்து காட்டியதும் எலிகளில்தான். “நானோ மருந்து இருக்காம்லே” என்று ஊரில் யாராவது அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் நான் சண்டைக்கே போவேன்.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண், திட்டு எது இருந்தாலும் அரசாங்கப் பல் கிளினிக்கில் காட்டுங்கள். பல் குழுவினர் தோட்டத்துக்கே பரிசோதனைக்கு வரும் நாளில், வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொல்லிப் பாட்டிமார்களைக் கூட்டிப் போங்கள்.